மூன்று நாள் ஆசிரியர், ஐந்து நாள் பொறுப்பு

அம்மாவுக்கு டயாலிசிஸ் தொடங்கியபோது எங்களுக்குக் கிடைத்த நாட்கள் செவ்வாய், வியாழன், சனி. மற்ற மூன்று நாளும் ஆள் நிரம்பிவிட்டது என்றார்கள். ஒரு தடவைக்கு நாலு மணி நேரம் இயந்திரத்தில் இருக்க வேண்டும். அதற்கு முன்னால் எடை பார்ப்பது, ஊசி குத்துவது, முடிந்த பிறகு ஊசி எடுத்த இடத்தில் ரத்தம் நிற்கும்வரை அழுத்திப் பிடித்திருப்பது, தலைசுற்றல் அடங்கி வண்டியில் ஏற்றி வீடு வந்து சேர்வது எல்லாம் சேர்த்தால் ஒரு முழுப் பள்ளி நாள் போய்விடும். சனிக்கிழமை கவலையில்லை. செவ்வாயும் வியாழனும்தான் இடித்தன. ஒரு மாதம் விடுப்பை வைத்துச் சமாளித்தேன். இது மாதக்கணக்கில் முடிகிற காரியமில்லை என்று புரிந்ததும், வாரம் மூன்று நாள் மட்டும் வேலை செய்கிறேன் என்று எழுதிக் கொடுக்க முடிவு செய்தேன்.

அப்போது கணிதத் துறைப் பொறுப்பு என்னிடம் இருந்தது. என்னைத் தவிர ஏழு ஆசிரியர்கள். வினாத்தாள் தயாரிப்பை ஒழுங்குபடுத்துவது, விடைத்தாள் திருத்தம் எல்லோரிடமும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்ப்பது, புதிதாக வந்தவருக்குக் கூட இருந்து சொல்லிக் கொடுப்பது, பெற்றோர் புகார், யாராவது வராவிட்டால் அவர் வகுப்புக்கு வேலை கொடுத்து அனுப்புவது. இதற்கு ஒரு பொறுப்புப்படியும், வாரத்துக்கு நாலு பீரியட் குறைவான பாடவேளையும் உண்டு.

கடிதத்தை நான் எழுதிய லட்சணத்தை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. கடைசிப் பத்தியில், யாரும் கேட்காமலேயே, "துறைப் பொறுப்பை வேறு எவருக்கேனும் அளித்துவிடவும் எனக்குச் சம்மதமே" என்று எழுதியிருந்தேன். நாளைக் குறைத்துக் கேட்பதே பெரிய சலுகை, அதற்குப் பதிலாக எதையாவது கொடுக்க வேண்டும் என்று ஒரு கூச்சம். ஓய்வு பெற ஒரு வருடம் இருந்த இயற்பியல் ஆசிரியர் ஒருவரிடம் படிக்கக் கொடுத்தேன். கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

"இந்தக் கடைசிப் பத்தியை யார் கேட்டாங்க?"

"இல்ல சார், அவங்களே கேட்கறதுக்கு முன்னாடி..."

"நாளைக் குறைக்கக் கேக்குறீங்க, சரி. பொறுப்பை எதுக்குத் தட்டுல வெச்சுக் குடுக்குறீங்க? உங்க அம்மாவுக்கு நாளைக்கே மாத்து சிறுநீரகம் கிடைச்சு நீங்க முழு நேரத்துக்குத் திரும்பி வந்தா, அந்த நாற்காலி காலியாவா இருக்கும்?"

அந்தப் பத்தியை அடித்துவிட்டேன். இதைப் படிப்பவர்களில் யாராவது இப்போது அப்படி ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருந்தால், கடைசிப் பத்தியை ஒரு தடவை பாருங்கள். பகுதிநேரம் கேட்பது ஒரு விண்ணப்பம். பொறுப்பை விடுவது இன்னொரு விண்ணப்பம். இரண்டையும் ஒரே தாளில் எழுதினால் இரண்டாவதற்குத்தான் முதலில் கையெழுத்து கிடைக்கும்.

தலைமையாசிரியர் நல்ல மனிதர். இந்தக் கதையில் அவரை வில்லனாக்க முடியாது. கடிதத்தைப் படித்துவிட்டு அம்மாவைப் பற்றிப் பத்து நிமிடம் விசாரித்தார். அப்புறம் கால்குலேட்டரை எடுத்தார். "ஐந்தில் மூன்று நாள். 0.6. சம்பளம் 0.6. பாடவேளை 0.6. துறைப் பொறுப்பை நீங்களே வெச்சுக்கலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை. படியும் அந்த நாலு பீரியட் கழிவும் அதே கணக்குல 0.6 ஆயிடும். சரிதானே சார்?"

சரி என்றேன். நன்றியும் சொன்னேன். ஒரு கணக்கு வாத்தியார், விகிதத்தை வருடா வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறவன், அந்த அறையில் உட்கார்ந்து தலையாட்டினேன். நேர்விகிதக் கணக்கில் முதல் பாடமே, எது எதைப் பொறுத்துக் கூடுகிறது, குறைகிறது என்று பார்ப்பதுதான். அதைப் பார்க்காமல் குறுக்கே பெருக்குகிற பையனுக்கு நான் மதிப்பெண் போடுவதில்லை.

சம்பளம் நாளைப் பொறுத்தது. பாடவேளையும் நாளைப் பொறுத்தது. துறைப் பொறுப்பு எதைப் பொறுத்தது? ஏழு ஆசிரியர்கள் இருந்தார்கள். நான் மூன்று நாள் வந்தால் அவர்கள் நாலு பேரும் ஐந்தாவது ஆளின் இடது கையுமாகக் குறைந்துவிடவில்லை. பருவத்துக்கு எத்தனை வினாத்தாளோ அத்தனையும் அப்படியே இருந்தன. பெற்றோர்கள் புகாரில் நாற்பது சதவீதத்தைத் தள்ளுபடி செய்யவில்லை. குறைந்தது இரண்டுதான்: என் படி 100 என்றால் 60 ஆனது, நாலு பீரியட் கழிவு 2.4 என்று வந்து, 0.4 பீரியட் என்று ஒன்று உலகத்தில் இல்லாததால், இரண்டாக நின்றது. பின்னம் வந்தால் எந்தப் பக்கம் முழுமையாக்குவார்கள் என்பதை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அது ஒருபோதும் நம் பக்கம் வந்து நான் பார்த்ததில்லை.

முதல் பருவம் எப்படிப் போனது என்பதற்கு ஒரே ஒரு வியாழக்கிழமையைச் சொன்னால் போதும். அம்மாவை உள்ளே படுக்க வைத்து இயந்திரம் ஓடத் தொடங்கிய பிறகு நான் வெளியே வராந்தாவில் உட்காருவது வழக்கம். அன்று பத்தாம் வகுப்புக்கு மறுநாள் தேர்வு. காலை ஒன்பதே முக்காலுக்கு வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது: அச்சாகி வந்த வினாத்தாளில் ஏழாவது கேள்விக்கான முக்கோணத்தைக் காணோம். கேள்வி இருக்கிறது, படம் இல்லை. உடனே நான் ஃபோனிலேயே மூலக் கோப்பைத் தேடினேன். அது பள்ளிக் கணினியில் என் கணக்கில் இருந்தது. கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்து ஒருவருக்கு அனுப்பினேன் (செய்யவே கூடாத காரியம்). அவர் தவறான கோப்பைத் திறந்தார். அலுவலகத்தில் இருந்து ஒரு அழைப்பு. அச்சகத்திலிருந்து ஒரு அழைப்பு. நடுவில் உள்ளேயிருந்து இயந்திரத்தின் அலாரம் கேட்டது. செவிலியர் எட்டிப் பார்த்து, "உங்க அம்மாவுக்கு பிபி இறங்குது, கொஞ்சம் வாங்க" என்றார்.

போனேன். கட்டிலின் கால் பக்கத்தை உயர்த்தியிருந்தார்கள். அம்மாவின் நெற்றி சில்லென்று வியர்த்திருந்தது. கையைப் பிடித்துக்கொண்டேன், ஒரு கையால். இன்னொரு கையில் ஃபோன் அதிர்ந்தபடியே இருந்தது. ஐந்து நிமிடத்தில் அம்மாவுக்குத் தெளிந்தது. கண்ணைத் திறந்து முதலில் என் ஃபோனைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார்.

"நீ வந்திருக்கியா, பள்ளிக்கூடம் வந்திருக்கா?" என்றார்.

அன்றைக்கு இரவு ஒரு பழைய நாற்பது பக்க நோட்டை எடுத்து எழுதத் தொடங்கினேன். வேறொன்றுமில்லை: துறை வேலை என்று எதைத் தொட்டாலும் தேதி, கிழமை, எத்தனை நிமிடம், என்ன வேலை, அதை நான்தான் செய்திருக்க வேண்டுமா. ஆறு வாரம் விடாமல் எழுதினேன். கூட்டிப் பார்த்தபோது சராசரியாக வாரத்துக்கு ஐந்தரை மணி நேரம் வந்தது. அதில் மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட, நான் சம்பளம் வாங்காத செவ்வாயிலும் வியாழனிலும். முழுநேரமாக இருந்தபோது எவ்வளவு நேரம் ஆனது என்று எழுதி வைக்கவில்லை, ஆனால் இதைவிட அதிகம் இருந்திருக்க வாய்ப்பில்லை. ஏனென்றால் அப்போது ஸ்டாஃப் ரூமில் நாற்காலியைத் திருப்பி ஒரு வார்த்தையில் முடிந்த விஷயத்துக்கு, இப்போது நாலு குறுஞ்செய்தியும் ஒரு அழைப்பும் தேவைப்பட்டன.

இந்த நோட்டை நான் மிகவும் பரிந்துரைப்பேன். "ரொம்ப வேலையா இருக்கு சார்" என்று சொன்னால் யாரும், "எனக்கும்தான்" என்பார்கள். தேதி போட்ட ஆறு வாரக் கணக்கைக் காட்டினால் பேச்சே வேறு மாதிரி போகும். ஒரு எச்சரிக்கை: கடைசி நெடுவரிசையை, 'நான்தான் செய்திருக்க வேண்டுமா' என்பதை, நேர்மையாக நிரப்புங்கள். எனக்குப் பாதிக்கு மேல் 'இல்லை' என்று வந்தது. அது வலித்தது. யார் கேட்டாலும் உடனே பதில் சொல்கிற ஆள் என்ற பெயர் எனக்குப் பிடித்திருந்தது. அந்தப் பெயருக்குத்தான் பாதி நேரம் உழைத்திருக்கிறேன்.

நோட்டை எடுத்துக்கொண்டு தலைமையாசிரியரிடம் போவதற்கு முன்னால் இன்னொரு அடி விழுந்தது. நான் எதிர்பார்க்காத இடத்திலிருந்து.

எங்கள் துறையில் ஒரு இளம் ஆசிரியை. நான்காவது வருடம். கெட்டிக்காரர். நான் இல்லாத நாட்களில் எல்லோரும் இயல்பாகவே அவரிடம் போனார்கள், நானும் அனுப்பினேன். "கொஞ்சம் பாத்துக்கோங்கம்மா" என்று ஒரு செய்தி போட்டால் முடிந்தது. ஒரு புதன்கிழமை மாலை, எல்லோரும் போன பிறகு, என் மேசைக்கு வந்து நின்றார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. செவ்வாயும் வியாழனும் நான்தான் துறைத் தலைவர். படி மட்டும் உங்களுக்கு வருது."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் காதில் இருக்கிறது. நான் இவ்வளவு நாளாக, எனக்கு 60 கொடுத்து 100 வேலை வாங்குகிறார்கள் என்று நோட்டில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அந்த நோட்டில் இவருடைய ஒரு நிமிடம்கூட இல்லை. பகுதிநேரத்துக்குப் போகிற ஒருவர் பொறுப்பை வைத்துக்கொள்வது அவருக்கும் நிர்வாகத்துக்கும் நடுவில் மட்டும் நடக்கிற விஷயம் என்றுதான் நினைக்கிறோம். பக்கத்து மேசையில் இருக்கிறவர் அதில் மூன்றாவது தரப்பு. பெரும்பாலும் நம்மைவிட இளையவர், நம்மைவிடக் குறைவான சம்பளம், 'முடியாது' என்று சொல்லத் தயங்குகிறவர். வாயே திறக்காமல் நல்ல பெயரோடு சலித்துப்போய் வேலையை விட்டுப் போவார், நமக்குக் காரணம்கூடத் தெரியாது. இவர் சொன்னார், என் அதிர்ஷ்டம்.

அடுத்த பேச்சுவார்த்தைக்கு அவரையும் கூட அழைத்துக்கொண்டு போனேன். போவதற்கு முன்னால் இரண்டு பேருமாக உட்கார்ந்து, நோட்டில் இருந்த வேலைகளையெல்லாம் மறுபடி எழுதி மூன்று குவியலாகப் பிரித்தோம். ஆள் பள்ளியில் இருந்தே ஆக வேண்டிய வேலைகள் ஒரு குவியல்: யாராவது வராவிட்டால் மாற்று வேலை, வாசலில் வந்து நிற்கிற பெற்றோர், வகுப்பில் திடீரென்று எழுகிற பிரச்சினை. இவை கிழமை பார்த்து வருவதில்லை. இரண்டாவது, தேதிக்குக் கட்டுப்பட்டவை: வினாத்தாள், மதிப்பெண் பதிவு, புத்தகக் கேட்புப் பட்டியல். தேதி முன்கூட்டியே தெரியும், ஆகவே நாலு நாள் முன்னதாக என் நாளில் முடிக்கத் திட்டமிடலாம். மூன்றாவது, நிதானமாக யோசித்துச் செய்ய வேண்டியவை: பாடத்திட்டத்தை எந்த வரிசையில் நடத்துவது, ஒரு வகுப்பு ஏன் பின்தங்குகிறது, வகுப்பறைக்குப் போய்ப் பார்த்துப் பேசுவது, புதியவரை வளர்ப்பது. இவற்றுக்கு அனுபவம் வேண்டும், தினமும் அங்கே இருக்க வேண்டிய அவசியமில்லை.

பிரித்து வைத்ததும் விஷயம் தானாகவே தெளிவாகிவிட்டது. பின்னிரண்டும் என்னால் மூன்று நாளில் முழுசாகச் செய்யக்கூடியவை. முதல் குவியல் என்னால் முடியாது, எத்தனை ஃபோன் வைத்திருந்தாலும் முடியாது.

ஆகவே நாங்கள் கேட்டது இது. முதல் குவியலை அந்த ஆசிரியைக்கு முழுப் பொறுப்பாக, பெயரோடு, எழுத்தில் கொடுக்க வேண்டும், எல்லா நாளுக்கும். செவ்வாய் வியாழனுக்கு மட்டும் என்று வைத்தால், புதன்கிழமை காலை வந்து நிற்கிற பெற்றோருக்கு முந்தைய நாள் யார் என்ன சொன்னார்கள் என்று தெரியாமல் நான் விழிக்க வேண்டியிருக்கும். பொறுப்பைக் கிழமையால் வெட்டாமல் வேலையால் வெட்ட வேண்டும் என்பது இந்த முழு அனுபவத்தில் நான் கற்றுக்கொண்டதிலேயே உருப்படியான விஷயம். படியையும் அதே போல. முழுப் படி 100. அதில் முதல் குவியலின் பங்கு அவருக்கு, மற்ற இரண்டின் பங்கு எனக்கு. என் பங்கை மறுபடி 0.6-ஆல் பெருக்கக் கூடாது, ஏனென்றால் அந்த இரண்டையும் நான் முழுசாகச் செய்கிறேன்.

தலைமையாசிரியர் கால்குலேட்டரை எடுத்தார். அப்புறம் கீழே வைத்துவிட்டார். "மொத்தம் 100-தானே ஆகுது, முன்னாடி குடுத்ததுதானே?" என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டார். கடைசியில் எனக்கு 65, அவருக்கு 35 என்று முடிந்தது. பணத்தில் எனக்கு ஐந்துதான் கூடியது. ஆனால் நான் செய்யும் வேலை கிட்டத்தட்ட மூன்றில் இரண்டாகக் குறைந்தது. அவர் ஏற்கெனவே செய்துகொண்டிருந்த வேலைக்கு முதல் முறையாகப் பெயரும் படியும் கிடைத்தன. கழிவு பீரியட் மொத்தம் நாலு, எனக்கு மூன்று, அவருக்கு ஒன்று. அவருக்கு இரண்டு கேட்டோம். நடக்கவில்லை.

அந்தப் பேச்சுக்கு நான் துணைக்கு எடுத்துப் போனதில் ஒரு தாளும் உண்டு. யுனெஸ்கோவும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 1966 அக்டோபர் 5-ஆம் தேதி ஆசிரியர்களின் நிலை பற்றி ஒரு பரிந்துரையை வெளியிட்டன. உலக ஆசிரியர் தினம் அக்டோபர் 5-இல் வருவதற்குக் காரணமே அதுதான். வாழ்த்து அட்டையோடு அந்த நாளைக் கடந்து போகிற நம்மில் பலர் அந்த ஆவணத்தைத் திறந்து பார்த்திருக்க மாட்டோம், நானும் பார்த்ததில்லை. அதில் பகுதிநேர ஆசிரியர்களுக்கென்றே தனிப் பத்திகள் இருக்கின்றன. முழுநேரம் வர முடியாத தகுதியுள்ள ஆசிரியரின் பகுதிநேரப் பணியின் மதிப்பைப் பள்ளிகள் உணர வேண்டும் என்கிறது. முறையாகப் பகுதிநேரம் பார்ப்பவருக்கு ஊதியம் விகிதப்படி இருக்க வேண்டும், அடிப்படைப் பணி நிபந்தனைகள் முழுநேரத்தவருடையது போலவே இருக்க வேண்டும், விடுமுறை, நோய் விடுப்பு, மகப்பேறு விடுப்பு உரிமைகளும் ஓய்வூதியத் திட்டமும் அவருக்கும் உண்டு என்கிறது. 1994-இல் தொழிலாளர் அமைப்பு எல்லாத் துறைக்கும் பொதுவாக ஒரு பகுதிநேர வேலை உடன்படிக்கையை, 175-ஆம் எண், நிறைவேற்றியது. முழுநேரத்திலிருந்து பகுதிநேரத்துக்கும் அங்கிருந்து திரும்பவும் மாறுவது விருப்பத்தின் பேரில் நடக்க வேண்டும் என்பது அதில் உள்ள ஒரு விதி. பரிந்துரை சட்டமல்ல, உடன்படிக்கை அதை ஏற்ற நாடுகளைத்தான் கட்டுப்படுத்தும். உங்கள் இடத்துப் பணி விதிகள்தான் கடைசி வார்த்தை, அவற்றை முதலில் படியுங்கள். ஆனாலும் மேசையில் ஒரு தாள் இருந்தால் நாம் கெஞ்சுகிற குரல் கொஞ்சம் மாறுகிறது. அந்த 'விகிதப்படி' என்ற சொல்லையும் கவனியுங்கள். எதற்கு விகிதம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

எழுத்தில் வாங்கியதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் முதல் தடவை நான் வாங்கியது ஒரே ஒரு வரி: "பகுதிநேரமாகப் பணியாற்ற அனுமதிக்கப்படுகிறது." இரண்டாவது தடவை, கிழமைகள் குறிப்பிடப்பட்டன. எங்கள் அம்மாவுக்கு இயந்திரம் காலியாக இருக்கிற நாள் பள்ளியின் வசதிக்கு மாறாது, ஆகவே 'வாரம் மூன்று நாட்கள்' என்று மட்டும் இருந்தால் அடுத்த வருட டைம்டேபிளில் மாட்டிக்கொள்வேன். இந்த ஏற்பாடு எந்தத் தேதிவரை, எப்போது மறுபடி பார்க்கப்படும் என்று எழுதினோம். பொறுப்பு என்னுடையதாகவே தொடர்கிறது, பகுதி வேலைகள் ஒப்படைக்கப்பட்டிருக்கின்றன என்று எழுதினோம். நான் முழு நேரத்துக்குத் திரும்பினால் என்ன ஆகும் என்பதையும். அந்த ஆசிரியைக்கும் அது நியாயமாக இருக்க வேண்டும் என்பதால், திரும்பினாலும் அவர் பங்கைத் தானாகப் பறிக்கக் கூடாது, மறுபடி மூன்று பேரும் பேச வேண்டும் என்று சேர்த்தோம். ஓய்வூதியத்தைக் கடைசிக் காலச் சம்பளத்தை வைத்துக் கணக்கிடுகிற இடமாக இருந்தால், படி அந்தச் சம்பளத்தில் சேர்கிறதா, பகுதிநேரத்தில் அது எப்படிக் கணக்காகும் என்பதைக் கையெழுத்துப் போடும் முன்னால் கணக்குப் பிரிவில் கேட்டுவிடுங்கள். நான் கையெழுத்துப் போட்ட பிறகு கேட்டேன். பாதகமில்லை என்று பதில் வந்தது, ஆனால் அந்தப் பதில் வரும்வரை இரண்டு வாரம் தூங்கவில்லை.

வேலை நடைமுறையில் ஓடியது பெரிய ஏற்பாடுகளால் அல்ல. ஒரு நோட்டு. அலமாரியின் இரண்டாவது தட்டில், பச்சை அட்டை. துறைக்கு என்ன நடந்தாலும் இரண்டு பேரும் அதில் இரண்டு வரி எழுதுவோம். புதனும் வெள்ளியும் காலையில் நான் வந்ததும் முதலில் பிரிப்பது அதைத்தான். "9-பி, புகார், பேசியாச்சு, முடிஞ்சது." "10-ஏ மாதிரித் தேர்வு மதிப்பெண் பதியலை, நீங்க பாருங்க." இவ்வளவுதான். வாட்ஸ்அப்பில் இருந்தால் எனக்கு வியாழக்கிழமை மதியம் தெரிந்துவிடும். தெரிந்தால் பதில் சொல்லாமல் இருக்க மாட்டேன். நோட்டு வீட்டுக்கு வராது. அதுதான் அதன் அருமை. அப்புறம் எல்லாத் தேர்வுக் கோப்புகளையும் துறையின் பொதுக் கணக்குக்கு மாற்றினோம். கடவுச்சொல்லை யாருக்கும் அனுப்ப வேண்டிய நிலை அதற்குப் பிறகு வரவில்லை.

வராத நாளில் கூட்டம் வைத்தால் என்ன செய்வது என்பது எல்லாப் பகுதிநேர ஆசிரியர்களும் கேட்கிற கேள்வி. எங்கள் துறைக் கூட்டம் காலங்காலமாகச் செவ்வாய்க்கிழமைதான். தலைமை தாங்க வேண்டியவனே வர முடியாத நாளில் துறைக் கூட்டம்! புதனுக்கு மாற்ற ஒரு பருவம் ஆனது. ஏனென்றால் புதன்கிழமை அந்த அறை வேறொரு துறைக்கு ஒதுக்கப்பட்டிருந்தது, கடைசியில் நூலகத்தின் மூலையில் நடத்தினோம். பெற்றோர் சந்திப்பு, பயிற்சி நாள் மாதிரி மாற்ற முடியாதவை என் விடுப்பு நாளில் விழுந்தால், அதற்கு ஈடாக வேறு நேரம் கழித்துக்கொள்வேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன். இரண்டு தடவை போனேன், இரண்டு தடவையும் ஈடு வாங்கினேன். மூன்றாவது தடவை அம்மாவை விட்டுப் போக முடியவில்லை. போகவில்லை. ஒன்றும் குடிமுழுகிப் போய்விடவில்லை.

எல்லாப் பொறுப்பையும் இப்படி வைத்துக்கொள்ள முடியும் என்று நான் சொல்லவில்லை. தேர்வுக்கூட முதன்மைக் கண்காணிப்பையும் அந்த வருடம் நான்தான் பார்த்தேன். அதைக் குவியல்களாகப் பிரித்துப் பார்த்தபோது கிட்டத்தட்ட முழுதும் முதல் குவியலில் விழுந்தது. ஆள் அங்கே இருக்க வேண்டும், தினமும், மணி அடிக்கும்போது. அதை மறுபேச்சில்லாமல் விட்டுவிட்டேன். மாணவர் ஒழுங்கு, விடுதிக் காப்பாளர், அன்றாட மாற்று ஆசிரியர் பட்டியல் போடுவது எல்லாம் அந்த ரகம்தான். அவற்றை மூன்று நாளில் பிடித்துக்கொண்டிருப்பது பிடிவாதம். உங்களுக்கும் கெட்ட பெயர், பள்ளிக்கும் சங்கடம். அதே சமயம், பாடத்திட்டம், ஆசிரியர் வழிகாட்டல், தேர்வு மதிப்பீடு மாதிரியானவற்றைக் கூச்சத்துக்காக விட்டுவிடாதீர்கள்.

ஒரு இழப்பைச் சொல்லாமல் விட்டால் இது பாதிக் கதை. உதவித் தலைமையாசிரியர் பதவிக்கு அடுத்த வருடம் இடம் வந்தது. நான் விண்ணப்பிக்கவில்லை. மூன்று நாளில் அதைச் செய்ய முடியாது என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை, நானே சொல்லிக்கொண்டேன். அது சரியான கணக்கா, இல்லை அந்தப் பழைய கூச்சமா என்று இன்றைக்கும் எனக்கு உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. குவியல்களாகப் பிரித்துப் பார்த்திருக்கலாம். அதைக்கூடச் செய்யவில்லை.

இப்போது செவ்வாய்க்கிழமைகளில் வராந்தாவில் உட்காரும்போது ஃபோனை வண்டியிலேயே விட்டுவிடுகிறேன். அம்மா முதல் நாள் நம்பவில்லை. "எங்க உன் பள்ளிக்கூடம்?" என்று கையைத் தடவிப் பார்த்தார்.

போன வாரம் வரும் கல்வியாண்டுக்கான டைம்டேபிள் வரைவைச் சுற்றுக்கு விட்டிருந்தார்கள். கணிதத் துறைக் கூட்டம்: செவ்வாய், கடைசிப் பீரியட். யாரோ பழைய வருடத்துக் கோப்பை எடுத்து அப்படியே நகலெடுத்திருக்கிறார்கள். நான் பார்க்கும் முன்னாலேயே அந்த ஆசிரியை பென்சிலால் அதைச் சுழித்து, ஓரத்தில் 'புதன்' என்று எழுதி, நோட்டோடு சேர்த்து என் மேசையில் வைத்திருந்தார்.